வானத்தின் முன் அறிவும் அடக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைப் பள்ளி மைதானங்களுக்கும் மொட்டை மாடிகளுக்கும் தூக்கிக்கொண்டு போய் வானம் காட்டுவது என் பல வருட வழக்கம். சனிக் கோளின் வளையத்தைப் பார்த்துவிட்டு நிமிர்கிறவர்கள் சற்று நேரம் எதுவும் பேசுவதில்லை. பேசத் தொடங்கியதும் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். "இதற்கு முன்னால் நாமெல்லாம் ஒன்றுமே இல்லை" என்பார்கள், அல்லது "மனிதன் எதையும் கண்டுபிடித்துவிடுவான்" என்பார்கள். அந்த இரண்டு பேச்சிலிருந்தும் கிளைத்து வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டி இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிரபஞ்சம் எவ்வளவு பெரியது சார்? கோடி, கோடி என்றால் மனதில் நிற்பதில்லை.

ஒரு மிளகைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அந்த மிளகுதான் பூமி. அந்தக் கணக்கில் சூரியன், அரை மீட்டருக்குச் சற்று அதிகமான குறுக்களவுள்ள பெரிய பூசணிக்காய். அதை மிளகிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். இது வரைக்கும் பள்ளி மைதானத்திலேயே செய்து காட்டிவிடலாம். நெப்டியூனை வைக்க ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். சூரியனுக்கு அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியை வைக்க 15,000 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். சென்னையிலிருந்து நியூயார்க் சென்று, அதையும் தாண்டிப் போகும் தொலைவு அது.

அதுவே அடுத்த வீடுதான். 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் அடுத்த வீட்டுத் தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நம் பால்வெளியில் 10,000 கோடி முதல் 40,000 கோடி வரை நட்சத்திரங்கள் இருக்கலாம் என்கிறார்கள். நாம் குடியிருக்கும் கேலக்ஸியின் தலைக்கணக்கிலேயே நான்கு மடங்கு இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். நம்மால் பார்க்க முடிகிற பிரபஞ்சத்தின் குறுக்களவு சுமார் 9,300 கோடி ஒளியாண்டுகள். அதற்கு அப்பால் எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

இவ்வளவு பெரியதில் நாம் தூசிதானே? தூசியின் அறிவுக்கு என்ன மதிப்பு?

அளவில் தூசி என்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன எண்களை அளந்ததும் அந்தத் தூசிதான். 1838இல் பெசல் என்ற ஜெர்மானிய வானியலாளர், பூமி சூரியனைச் சுற்றும்போது ஒரு நட்சத்திரம் இடம் மாறுவதுபோல் தோன்றும் கோணத்தை அளந்தார். ஒரு பாகையை 3,600 கூறுகளாக்கி, அதில் ஒரு கூற்றை மூன்றாகப் பிளந்தால் கிடைக்கும் அளவு அது. அந்தச் சின்னஞ்சிறு கோணத்திலிருந்துதான் ஒரு நட்சத்திரத்தின் தூரம் முதன்முதலாக நம்பும்படி கிடைத்தது.

"நான் ஒன்றுமில்லை" என்று சொல்வதைப் பலர் அடக்கம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது சோர்வாகத்தான் படுகிறது, ஏனென்றால் அதைச் சொன்னவர் அடுத்து எதையும் தேட மாட்டார். "இவ்வளவு தெரியும், இந்த அளவுக்கு உறுதியாகத் தெரியும், இதற்குமேல் தெரியாது" என்று எல்லைக்கல் நட்டுச் சொல்வதையே நான் அடக்கம் என்கிறேன். இந்தப் பக்கம் முழுவதும் அந்தச் சொல்லை இந்தப் பொருளில்தான் பயன்படுத்துகிறேன்.

யாரும் போய்ப் பார்க்காத நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இதே சந்தேகம் ஆகஸ்ட் காம்ட் என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞருக்கும் இருந்தது. விண்பொருள்களின் தூரத்தையும் அளவையும் இயக்கத்தையும் அறியலாம், அவை எந்தப் பொருளால் ஆனவை என்பதை ஒருக்காலும் அறிய முடியாது என்று 1835இல் எழுதினார். கால் நூற்றாண்டு கழிவதற்குள், 1859இல், கிர்ச்சாஃபும் புன்செனும் வழி கண்டுவிட்டார்கள். ஒவ்வொரு தனிமமும் ஒளியில் தனக்கே உரிய கோடுகளைப் பதிக்கிறது. நட்சத்திர ஒளியைப் பட்டகத்தால் பிரித்தால் அந்தக் கோடுகளைப் படித்துவிடலாம்.

இதில் நமக்குப் பக்கத்து ஊர்க் கதையும் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்க்க பிரான்சிலிருந்து ழான்சென் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு வந்திருந்தார். அந்தக் கிரகணத்திலும் அதையடுத்த மாதங்களில் இங்கிலாந்தில் லாக்கியர் செய்த ஆய்விலும், சூரிய ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. சூரியனின் கிரேக்கப் பெயரிலிருந்து அதற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் ஹீலியம் கையில் அகப்பட்டது 1895இல்தான். 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதை முதலில் கண்டு, காலடியில் இருப்பதை 27 ஆண்டுகள் கழித்துக் கண்டோம்.

காம்ட் சொன்னது கேட்பதற்கு அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் "ஒருக்காலும்" என்ற சொல்லுக்கு அவரிடம் ஆதாரம் இல்லை. எதிர்கால மனிதர்கள் எல்லோருக்கும் சேர்த்து அவரே எல்லை வகுத்துவிட்டார். முடியாது என்று ஆதாரமின்றிச் சொல்வதிலும் அகந்தை உண்டு.

அப்படியானால் மனித அறிவால் எதையும் கண்டுபிடித்துவிட முடியும் என்றுதானே அர்த்தம்?

அப்படி நம்பிய ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். யுரேனஸ் கோள் கணக்குப்படி ஓடாமல் விலகிக்கொண்டிருந்தது. அதை இழுக்கும் வேறொரு கோள் வெளியே இருக்க வேண்டும் என்று பாரிஸில் லெவெரியே காகிதத்தில் கணக்குப் போட்டு, அது இருக்க வேண்டிய இடத்தையும் குறித்து பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23 இரவு, கடிதம் கிடைத்த அன்றே, காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. மனித மூளையின் மாபெரும் வெற்றிகளில் ஒன்று அது.

அதே லெவெரியே 1859இல் புதன் கோளும் சற்று விலகி ஓடுவதைக் கண்டார். முன்பு செய்ததையே செய்தார்: சூரியனுக்கு அருகில் இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வந்தது. பார்த்துவிட்டோம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர் 1877இல் இறக்கும்வரை அதை நம்பினார். அப்படி ஒரு கோள் இல்லை. பிழை வேறிடத்தில், நியூட்டனின் ஈர்ப்பு விதியிலேயே இருந்தது. 1915 நவம்பரில் ஐன்ஸ்டீனின் புதிய ஈர்ப்புக் கொள்கை அந்த விலகலை, நூறு ஆண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையின் 3,600 கூறுகளில் ஒன்று ஒரு விகலை) என்று, மிச்சமில்லாமல் விளக்கிவிட்டது.

ஒரே மனிதர், ஒரே முறை, ஒரே அளவு திறமை. ஒருமுறை கோள் கிடைத்தது, மறுமுறை கிடைக்கவில்லை. எந்த முறை எது என்பதை அவருடைய மூளை சொல்லவில்லை. போய்ப் பார்த்த கண்தான் சொன்னது.

பிரபஞ்சத்தில் 95 சதவீதம் தெரியாது என்கிறார்களே, அப்படியானால் விஞ்ஞானிகளுக்கு வெறும் 5 சதவீதம்தான் தெரியுமா?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. அந்த எண் அறியாமையின் அளவு இல்லை, பிரபஞ்சத்தின் சரக்குப் பட்டியல். நீங்களும் நானும் நட்சத்திரங்களும் சேர்ந்த சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம். கரும்பொருள் சுமார் 27, கரும் ஆற்றல் சுமார் 68. பின்னிரண்டும் என்னவென்று தெரியாது. எவ்வளவு இருக்கிறது, என்ன செய்கிறது என்பது நன்றாகவே தெரியும். பூட்டிய பெட்டியைத் தராசில் வைத்து எடை பார்த்துவிட்டோம், திறக்கத்தான் முடியவில்லை.

எடை பார்த்த விதம் இதுதான். 1933இல் ஸ்விக்கி, கேலக்ஸிகளின் ஒரு கூட்டத்தில் அவை ஓடும் வேகத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இவற்றைப் பிடித்து வைக்கப் போதாது என்றார். பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் சுழற்சியை அளந்து வெளியிட்டார்கள். மையத்திலிருந்து விலக விலக வேகம் குறைய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு, அது குறையவில்லை. பிறகு கேலக்ஸி கேலக்ஸியாக அளந்தார்கள். ஏறத்தாழ எல்லாம் அதையே சொல்லின. கரும் ஆற்றலோ 1998இல் வந்தது. வெடித்த நட்சத்திரங்களை வைத்துப் பிரபஞ்ச விரிவின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கப் புறப்பட்ட இரண்டு குழுக்களும், அது கூடிக்கொண்டு போவதைக் கண்டன.

கரும்பொருளும் அந்த வல்கன் மாதிரி இல்லாத ஒன்றாக இருந்துவிட்டால்?

கேட்க வேண்டிய கேள்வி. ஒரு பள்ளி மாணவர் இதைக் கேட்டபோது மனம் நிறைந்தது. கரும்பொருள் என்று ஒன்று இல்லை, ஈர்ப்பு விதியைத்தான் திருத்த வேண்டும் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். தனித்தனி கேலக்ஸிகளின் சுழற்சியை அவர்களுடைய சூத்திரம் நன்றாகவே விளக்குகிறது.

ஆனால் வல்கனுக்கு இருந்தது ஒரே ஒரு சாட்சி, புதனின் ஓட்டம். கரும்பொருளுக்குத் தனித்தனியான பல சாட்சிகள் இருக்கின்றன. கேலக்ஸிகளின் சுழற்சி, தொலைதூர ஒளி வளையும் அளவு, பிரபஞ்சத்தின் தொடக்க காலத்திலிருந்து வரும் நுண்ணலைப் பின்னணியில் உள்ள ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றும் ஒரே அளவைச் சுட்டுகின்றன. புல்லட் கிளஸ்டர் எனப்படும் மோதிய கேலக்ஸிக் கூட்டத்தில், வாயு ஓரிடத்திலும் ஈர்ப்பின் பெரும்பகுதி வேறிடத்திலும் பிரிந்து நிற்பதை 2006இல் காட்டினார்கள். அதனால் நானும் கரும்பொருள் பக்கமே சாய்கிறேன். அதே சமயம் கரும்பொருளை ஆக்கியிருக்கும் என்று கருதப்படும் துகளை இதுவரை எந்தக் கருவியும் பிடிக்கவில்லை. பிடிபடும்வரை "சாய்கிறேன்" என்ற சொல்லைத் தாண்டி எனக்கு உரிமை இல்லை.

இன்று ஒன்று சொல்கிறார்கள், நாளை மாற்றுகிறார்கள். இவர்களை எப்படி நம்புவது?

எப்படி மாற்றுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பூமியின் வயதை எடுத்துக்கொள்வோம். பூமி உருகிய நிலையிலிருந்து ஆறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கெல்வின் பிரபு கணக்கிட்டு, 1897இல் 2 கோடி முதல் 4 கோடி ஆண்டு என்றார். கணக்கில் தவறில்லை, எடுத்துக்கொண்ட அனுமானங்கள் தவறு. பூமியின் உட்பகுதி அசையாத திடப்பொருள் என்று அவர் கொண்டது பொருந்தாது என 1895இலேயே அவருடைய முன்னாள் உதவியாளர் ஜான் பெர்ரி சுட்டிக்காட்டியிருந்தார். கெல்வின் அசையவில்லை. 1956இல் பேட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து 455 கோடி ஆண்டு, கூட்டல் கழித்தல் 7 கோடி என்று வெளியிட்டார். இன்றைய எண் சுமார் 454 கோடி. அவர் விட்டுவைத்த இடைவெளிக்குள்ளேயே நிற்கிறது.

அந்தக் கூட்டல் கழித்தல் குறிதான் இந்தப் பக்கத்தின் நாயகன். நான் எவ்வளவு தவறாக இருக்கலாம் என்பதை முடிவோடு சேர்த்தே எழுதிவிடும் வழக்கம் வேறெந்தத் துறையில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது? புதிய கொள்கை வந்தால் பழையது குப்பைக்குப் போவதும் இல்லை. நியூட்டனின் விதி புதன் விஷயத்தில் சிறிதளவு தோற்றது உண்மை. மனிதர் நிலவுக்குப் போய் வந்த பாதை பெரும்பாலும் அதே விதியில் போட்ட கணக்குதான்.

அடக்கம் சாதாரண மனிதர்களுக்குத் தேவை. மேதைகளுக்கும் தேவையா?

மேதைகளுக்குத்தான் அதிகம் தேவை என்பது என் எண்ணம். அதற்கு நான் எப்போதும் சொல்வது சந்திரசேகரின் கதை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயது இளைஞர், 1930இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி வெண்குறு நட்சத்திரமாக அடங்கிவிடும் என்று அதுவரை நினைத்தார்கள். ஓர் எல்லைக்கு மேல் கனம் இருந்தால் அது அப்படி அடங்காது என்று அவர் கணக்கு சொன்னது. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்பது அந்த எல்லை.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அதை வாசித்தார். அவருக்கு அப்போது 24 வயது. அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். 1919 கிரகணத்தில் ஐன்ஸ்டீனின் கொள்கையைச் சோதித்துப் புகழ்பெற்றவர், நட்சத்திரங்களின் உள்ளமைப்பைப் பற்றி அன்று அவரைவிட அறிந்தவர் இல்லை. அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எடிங்டன் சரியாகவே கண்டார்: நட்சத்திரம் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒளியும் தப்ப முடியாத நிலைக்கு வந்துவிடும். இன்று அதைக் கருந்துளை என்கிறோம். வாசல்வரை வந்தவர், இப்படிக் கோணலாக ஒரு நட்சத்திரம் நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்று சொல்லித் திரும்பிவிட்டார். கூட்டம் அவரோடு சிரித்தது. சந்திரசேகரின் கணக்கு சரி என்று தனியே ஒப்புக்கொண்ட பெரிய இயற்பியலாளர்கள் வெளியே பேசவில்லை. எடிங்டன் 1944இல் இறக்கும்வரை மாறவில்லை. சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983இல் வந்தது. 2019இல் எம்87 கேலக்ஸியின் நடுவிலிருக்கும் கருந்துளையின் நிழலை உலகமே படமாகப் பார்த்தது.

பின்னாளில் சந்திரசேகர் எடிங்டனைத் தூற்றவில்லை. அவரைப் பற்றிக் கேம்பிரிட்ஜில் மரியாதையோடு சொற்பொழிவுகள் ஆற்றினார். பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவர்கள் ஏன் பிறகு வறண்டுவிடுகிறார்கள் என்று கேட்டபோது, ஒருமுறை இயற்கை தங்களுக்கு இணங்கிவிட்டதால், தங்கள் பார்வையே எப்போதும் சரி என்று இயற்கையிடமே ஒரு வகை அகந்தை கொண்டுவிடுகிறார்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். அவர் தமக்கு வைத்துக்கொண்ட மருந்தும் தெரிந்ததே. ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை, கரை கண்ட துறையை விட்டுவிட்டு, புதிய துறை ஒன்றில் மாணவனாகப் போய் அமர்ந்தார்.

விஞ்ஞானிகள் தவறை ஒப்புக்கொண்டதாக உதாரணம் உண்டா?

2011 செப்டம்பரில் ஐரோப்பாவில் ஓபரா என்ற ஆய்வுக்குழு, நியூட்ரினோ எனும் நுண்துகள்கள் சுமார் 730 கிலோமீட்டர் தூரத்தை ஒளியைவிட 60 நானோவிநாடி முன்னதாகக் கடந்ததாக அளந்தது. ஐன்ஸ்டீனையே கவிழ்க்கும் செய்தி. குழுவினர் வெற்றி முழக்கம் செய்யவில்லை. பிழையைத் தேடி அலுத்துவிட்டோம், மற்றவர்களும் தேடுங்கள் என்றார்கள். சில மாதங்களில், சரியாகச் செருகப்படாத ஓர் ஒளியிழைக் கம்பி முக்கியக் காரணம் என்று அவர்களே கண்டு வெளியிட்டார்கள். பலர் இதை அவமானம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அறிவியல் தன் வேலையைச் செய்த அழகான நாள்களில் ஒன்றாக நான் அதைப் பார்க்கிறேன்.

இதையெல்லாம் நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்களே ஐயா?

நம் முன்னோர் வானத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள். நிறத்தைப் பார்த்து வெள்ளி, செவ்வாய் என்று பெயர் வைத்தார்கள்; சனியை மைம்மீன் என்றார்கள். புறநானூற்றின் 30ஆம் பாட்டு எனக்கு மிகவும் பிடித்தது. சூரியன் செல்லும் வழி, அதன் வட்டம், காற்று திரியும் திசை, எதன்மேலும் நிற்காத ஆகாயம் ஆகியவற்றை நேரில் போய் அளந்து வந்தவர்போல "இவ்வளவு" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று அந்தப் பாட்டு தொடங்குகிறது. வானத்தை அளக்கும் பேச்சு அன்றே இருந்திருக்கிறது என்பதற்கு அதைவிட அழகான சான்று வேண்டாம்.

ஆனால் சனிக்கு வளையம் உண்டு என்பதை வெறும் கண் காண முடியாது. 1610இல் தொலைநோக்கியில் பார்த்த கலிலியோவுக்கே அது இரண்டு பக்கமும் ஒட்டி நிற்கும் இரண்டு சிறு கோள்கள்போலத்தான் தெரிந்தது. வளையம் என்று சொன்னவர் பின்னால் வந்த ஹைகன்ஸ். ஒவ்வொரு புதிய கண்டுபிடிப்பையும் பழம்பாட்டுக்குள் தேடி எடுத்தால், அவர்கள் உண்மையில் எதைக் கண்டார்கள் என்பது நமக்குத் தெரியாமல் போகிறது. அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தெரியாத இடமெல்லாம் கடவுள்தான் என்று சொல்லிவிடலாமா?

நம்பிக்கை அவரவர் உரிமை, அதில் நான் தலையிடுவதில்லை. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதிய ஜார்ஜ் லமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்ற கருத்தை முன்வைத்தவரும் அவரே. 1951இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது லமேத்ர் மகிழவில்லை, கவலைப்பட்டார். கொள்கை நாளை திருத்தப்படலாம். அதன்மேல் தன் சமயத்தைக் கட்ட அவர் விரும்பவில்லை. இரண்டையும் நேசித்த ஒருவர் வைத்துக்கொண்ட இடைவெளி என்பதால் அதை மதிக்கிறேன்.

வேற்றுக்கிரக மனிதர்கள் இருக்கிறார்களா இல்லையா? ஒரே சொல்லில் சொல்லுங்கள் அண்ணா.

தெரியாது. அந்த ஒரே சொல்லைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு ஜோஸ்லின் பெல் சாட்சி. 1967இல் அவருடைய ரேடியோ தொலைநோக்கிப் பதிவில் 1.337 விநாடிக்கு ஒருமுறை தப்பாமல் துடிக்கும் சைகை வந்தது. சின்னப் பச்சை மனிதர்கள் என்று குழுவில் செல்லப்பெயரும் வைத்தார்கள். ஆனால் அப்படி அறிவித்துவிடவில்லை. வானத்தின் வேறொரு மூலையில் அதேபோல் இன்னொன்றை அவரே கண்டதும், இது இயற்கையின் வேலை என்று புரிந்தது. சுழலும் நியூட்ரான் நட்சத்திரம் அது.

எறும்புக்குப் பள்ளிக்கூடக் கணக்குப் புரியாது. அதுபோல நம் மூளைக்கும் புரியவே புரியாத விஷயங்கள் இருக்குமா?

இருக்கலாம். இல்லை என்று சொல்ல எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. நம் மூளை வேட்டையிலும் காட்டிலும் உருவானது. பிரபஞ்சம் அதற்குப் புரிந்தாக வேண்டும் என்ற ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் நம் கற்பனைக்கு எட்டாததும் நம் அறிவுக்கு எட்டாததும் ஒன்றல்ல. வெளி வளைகிறது என்பதை யாராலும் மனக்கண்ணில் காண முடியாது. கணிதம் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. 2015 செப்டம்பர் 14 அன்று, வெளியின் அதிர்வை அளக்கும் லைகோ கருவிகள், 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் இணைந்ததால் எழுந்த அதிர்வைப் பிடித்தன. அப்போது கருவியில் நேர்ந்த அசைவு ஒரு புரோட்டானின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே.

இன்னொன்றும் உண்டு. ஓர் எறும்புக்குத் தெரியாத வழி புற்றுக்குத் தெரிகிறது. லைகோ கட்டுரையில் கையெழுத்திட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் எவரும் அந்தக் கருவி முழுவதையும் தனியே அறிந்திருக்க முடியாது. கொடைக்கானல் வானாய்வகத்தில் நூறு ஆண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் எடுத்தவர்கள் யாரும் இன்று இல்லை. தாங்கள் விடை காண மாட்டோம் என்று தெரிந்தே புகைப்படத் தட்டுகளைத் தேதியிட்டு அடுக்கினார்கள். மனித அறிவு என்று நான் சொல்வது ஒரு தலைக்குள் இருப்பதை மட்டும் இல்லை.

என்றைக்குமே தெரியாமலே போய்விடுகிற விஷயம் உண்டா?

காம்டுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டே இதற்குப் பதில் எழுதுகிறேன். பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டிருப்பதால், தொலைவிலுள்ள கேலக்ஸிகள் ஒவ்வொன்றாக நம் பார்வை எல்லையைத் தாண்டிப் போகின்றன. அவற்றிலிருந்து இன்று புறப்படும் ஒளி நம்மை ஒருபோதும் வந்தடையாது. இப்போதைய புரிதலின்படி, பல்லாயிரம் கோடி ஆண்டுகளுக்குப் பின் வாழும் ஒரு வானியலாளர் தன் கேலக்ஸியைத் தவிர வேறு எதையும் காண மாட்டார். பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கே அவரிடம் சான்று இருக்காது. மிகத் திறமையாக, மிக நேர்மையாக அவர் தவறான முடிவுக்கு வருவார்.

இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. அவருக்கு அழிந்துபோன சான்றுபோல், நாம் வருவதற்கு முன்பே அழிந்துபோன சான்றுகள் எத்தனையோ?

விஞ்ஞானிகளுக்கே முழுதாகத் தெரியாதபோது, அவர்கள் கருத்தும் என் கருத்தும் சமம்தானே?

சமம் இல்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணம் சொல்கிறேன். தெரியாமைக்கும் அளவு உண்டு. பிரபஞ்சம் விரியும் வீதத்தை இரண்டு வழிகளில் அளக்கிறார்கள். வானியலாளர்களின் அலகில் ஒன்று 67 என்றும் மற்றது 73 என்றும் தருகிறது. இரண்டின் கூட்டல் கழித்தலும் ஒன்றையொன்று தொடவில்லை, அதனால் பெரிய சர்ச்சை நடக்கிறது. அந்தச் சர்ச்சை பத்து சதவீதத்துக்குள் நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டா, சற்றுக் குறைவா என்று வாதிடுகிறார்கள். அதில் யாரும் ஆறாயிரம் ஆண்டு என்று வாதிடவில்லை.

எடிங்டனை எதிர்த்த இளைஞர் கதையைச் சொல்லி, நானும் அப்படித்தான் என்கிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். சந்திரசேகரிடம் கருத்து இருந்ததால் அவர் வெல்லவில்லை. எவரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு இருந்தது. உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால், எந்தப் பட்டமும் இல்லாவிட்டாலும், அது கேட்கப்பட வேண்டும் என்றே விரும்புகிறேன். இல்லாதபோது, அளந்தவர் சொல்வதற்கு முதலிடம் கொடுப்பதும் அடக்கத்தில் சேர்ந்ததுதான்.

பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு எனக்கே விடை தெரியவில்லை. என்ன சொல்வது?

தெரியாது என்று சொல்லுங்கள், கூடவே உட்கார்ந்து தேடுங்கள். "நட்சத்திரம் இவ்வளவு இருந்தும் இரவு ஏன் கறுப்பாக இருக்கிறது?" என்று ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடம் கேட்டாள். சூரியன் இல்லாததால் என்று சொல்லி முடித்திருக்கலாம். பிரபஞ்சத்துக்கு வயது ஓர் எல்லைக்கு உட்பட்டது, தொலைவிலிருந்து வரும் ஒளி இன்னும் வந்து சேரவில்லை, விரிவு அந்த ஒளியை மங்கவும் வைக்கிறது என்ற விடையைச் சரியாகச் சொல்ல எனக்கு இரண்டு வாரப் படிப்பு வேண்டியிருந்தது.

வீட்டில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ வியாழன் அருகே மூன்று புள்ளிகளைக் கண்டு, நட்சத்திரங்கள் என்று நினைத்தார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறியதைப் படமாக வரைந்துகொண்டே வந்து, வியாழனின் நிலவுகள் என்ற முடிவுக்கு வந்தார். சாதாரண 10x50 பைனாகுலரை மதில்மேல் அசையாமல் வைத்தால் அந்தப் புள்ளிகள் தெரியும். பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். இன்றைய இடத்தை வரையட்டும், நாளை எங்கே இருக்கும் என்ற ஊகத்தையும் பக்கத்திலேயே வரையட்டும், மறுநாள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பேனாவால் வரையச் சொல்லுங்கள். தவறிய ஊகங்களும் நோட்டில் அப்படியே இருக்க வேண்டும்.